ஆறடிச் சந்தில் யானை!

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் குப்பை கொட்டிய பிரம்மச்சாரிகளுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். பத்துக்குப் பத்து ரூம். மூன்று கட்டில். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒன்றேகால் அடிச் சந்து. அதில் ஒருத்தன் நின்று பேன்ட் மாட்டிக்கொண்டிருந்தால், இன்னொருத்தன் கட்டில் மேல் ஏறிக் குதித்துத்தான் பல் தேய்க்கப் போக முடியும். சந்தை அகலமாக்க ஒரே வழி, ஒரு கட்டிலைத் தூக்குவது. தூக்கினால் மூன்றால் வகுத்த வாடகையை இரண்டால் வகுக்க வேண்டும். எவனாவது சம்மதிப்பானா?

உலகத்தில் குடோன் வைத்திருக்கிற அத்தனை முதலாளிகளும் ராத்திரி தூக்கம் வராமல் போடுவது இதே கணக்குதான். கட்டிலுக்குப் பதில் ரேக். பேன்ட் மாட்டுகிற ஆசாமிக்குப் பதில் யானை!

யானை என்று நான் சொல்வது ஃபோர்க்லிஃப்ட்டை. முன்னால் இரண்டு தந்தம். மேலே ஒரு பாகன். தந்தத்தைச் சரக்குக்கு அடியில் கொடுத்து, அலுங்காமல் தூக்கி, சொன்ன இடத்தில் வைக்கும். எடையிலும் யானைதான். இரண்டு டன் தூக்குகிற சாதாரண ஃபோர்க்லிஃப்ட், தானே மூன்று டன்னுக்கு மேல் இருக்கும். இதைச் சந்துக்குள் விட்டுத் திருப்ப வேண்டும். எவ்வளவு குறுகலான சந்தில் திருப்புகிறீர்களோ அவ்வளவு லாபம். எவ்வளவு குறுகலோ அவ்வளவு ஆபத்தும்கூட. அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

'உனக்கும் யானைக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். நான் அக்கவுன்ட்ஸ் ஆசாமி. எங்கள் கம்பெனி ஒரகடம் பக்கம் குடோன் வாடகைக்கு எடுத்தது. அதற்கு எந்த வண்டி வாங்கலாம் என்று 'நோட்' போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஃபைலில் மூன்று கொட்டேஷன். மூன்றும் ஃபோர்க்லிஃப்ட்தான். ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மூன்றாவதைப் படித்தபோது சைபர் ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

மேனேஜரிடம் போனேன். "இதிலென்ன யோசனை? இருக்கிறதுலயே கம்மி எதுவோ, அதுக்கு ஒரு டிக் போடுங்க" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். டிக் போடுவதற்கு முன்னால் குடோன் சூப்பர்வைசரை ஒரு வார்த்தை கேட்போமே என்று போனேன். முப்பது வருஷ சர்வீஸ். லோடுமேனாக வந்து சூப்பர்வைசர் ஆனவர். எல்லோருக்கும் அண்ணன். எனக்கும்தான்.

"அண்ணே, மூணுல எது நல்ல வண்டி?"

"வண்டியை விடுங்க சார். அது திரும்பறதுக்கு எத்தனை அடி கேக்குதுன்னு பாருங்க. வண்டிக்கு ஒரு தடவைதான் பணம் கொடுப்பீங்க. சந்துக்கு மாசா மாசம் கொடுக்கணும்."

எம்.காம். படிப்பில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் நடத்தியதில்லை.

காலி இடத்துக்கு மூன்று லட்சம்!

அண்ணன் சொன்னதைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு 200 அடி நீளம், 100 அடி அகலத்தில் ஒரு குடோன். 20,000 சதுர அடி. சதுர அடிக்கு மாதம் 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாடகை 5 லட்சம்.

உள்ளே ரேக்குகளை முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசையாக நிறுத்துவார்கள். ஓர் இரட்டை வரிசை சுமார் 8 அடி பிடிக்கும். அடுத்த இரட்டை வரிசைக்கு முன்னால் வண்டி போக ஒரு சந்து. குடோன் பாஷையில் அதற்கு 'ஐல்' என்று பேர். நாம் சந்து என்றே சொல்வோம்.

சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டுக்கு 12 அடிச் சந்து வேண்டும். 8 அடி ரேக், 12 அடி சந்து, ஆக 20 அடி. 200 அடியில் பத்து இரட்டை வரிசை நிற்கும். தரையில் அறுபது சதவிகிதம் வெறும் சந்து! 5 லட்சம் வாடகையில் 3 லட்சம், மாதா மாதம், சும்மா கிடக்கிற தரைக்கு.

அதே குடோனில் 9 அடிச் சந்து போதும் என்கிற வண்டி வந்தால்? 17 அடிக்கு ஒரு ஜோடி. பதினோரு வரிசை போக மிச்சமும் இருக்கும். 6 அடியில் வேலை செய்கிற வண்டி வந்தால்? 14 அடிக்கு ஒரு ஜோடி. பதினாலு வரிசை! அதே கூரை, அதே வாடகை, நாற்பது சதவிகிதம் கூடுதல் சரக்கு.

இப்போது அந்த மூன்று கொட்டேஷனும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் விலை போட்டிருந்தது வண்டிக்கு இல்லை, ஸார்... சந்துக்கு!

இந்தக் கணக்கு சமீபத்தில்தான் நம் ஊரில் சூடு பிடித்தது. 2017 ஜூலைக்கு முன்னால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் போட்டு வைத்திருந்தன. தகரக் கூரை, தாழ்வான மேடை, தோளில் மூட்டை. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த அவசியம் போய்விட்டது. பத்து சின்ன குடோனை மூடிவிட்டு இரண்டு பெரிய குடோனாகப் போடலாம் என்று கிளம்பினார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டி என்று ராட்சசக் கொட்டகைகள் எழும்பின. கூரை உயர்ந்தது. மூட்டை தூக்கிய தோளால் நாற்பது அடி உயரத்துக்குத் தூக்க முடியாதே! யானைகள் உள்ளே வந்தன.

(இடையில் ஒரு சின்ன தமிழ்ப் பெருமை: 'குடோன்' என்பது இங்கிலீஷ் வார்த்தை என்றுதானே நினைக்கிறோம்? அது மலாய் மொழியின் 'குடாங்'கிலிருந்து வந்தது. அந்தக் குடாங், தமிழ்க் 'கிடங்கு' அல்லது தெலுங்கு 'கிட்டங்கி'யிலிருந்து போயிருக்கலாம் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். நம் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூர் போய்விட்டு, தொப்பி போட்டுக்கொண்டு திரும்பி வந்த கதை!)

சரி, யானைக் கூட்டத்தைப் பார்ப்போம். அண்ணன் இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போய், நாலு குடோனில் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

1. தொப்பைக்காரர்

உலகத்திலேயே தொப்பையை ஒரு தகுதியாக வைத்து வேலை கொடுக்கும் ஒரே இடம் இதுதான். பெயர் கவுன்ட்டர்பேலன்ஸ். முன்னால் தூக்குகிற சரக்குக்கு ஈடாகப் பின்னால் ஒரு பெரிய இரும்புக் கட்டி. ஏற்றப்பலகை விளையாட்டில் ஒரு பக்கம் ஒல்லிப் பையன், மறுபக்கம் குண்டுப் பையன் உட்காருவதில்லையா, அதே தத்துவம். முன் சக்கரம்தான் நடுக் கட்டை.

இவர் நல்லவர். லாரியிலிருந்து இறக்குவார், வெயிலில் ஓடுவார், கரடுமுரடான தரையைச் சகித்துக்கொள்வார். ஆனால் முன்னால் சரக்கு, பின்னால் தொப்பை என்று நீளமாக இருப்பதால் சந்தில் 90 டிகிரி திரும்ப இடம் கேட்பார். போதாக்குறைக்கு இவருக்கு ஸ்டியரிங் பின் சக்கரத்தில். காரை ரிவர்ஸில் ஓட்டிக்கொண்டே இருப்பது மாதிரி. மூக்கு இடது பக்கம் திரும்பினால் வால் வலது பக்கம் வீசும். வாலுக்குப் பக்கத்தில் நிற்பவர் கதி அதோகதி. மூன்று சக்கர பேட்டரி மாடல் கொஞ்சம் ஒல்லி. 11 அடி இருந்தால் சமாளிக்கும்.

2. கை நீட்டுபவர்

இவர் ரீச் டிரக். தொப்பை கிடையாது. அதற்குப் பதில் முன்னால் தரையோடு தரையாக இரண்டு கால் நீட்டியிருப்பார். தூக்குகிற கம்பம், அதாவது மாஸ்ட், அந்தக் கால்களின் மேல் முன்னும் பின்னும் நகரும். ரேக் அருகில் போய் நின்று கையை நீட்டிச் சரக்கை எடுப்பார். எடுத்ததும் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொள்வது போல் உள்ளே இழுத்துக்கொள்வார். சரக்கு சக்கரங்களுக்கு நடுவே வந்துவிடுவதால் வண்டியின் நீளம் குறைகிறது. 9 அடிச் சந்து போதும். 10 மீட்டருக்கு மேலும் தூக்குவார்.

இதில் ஆபரேட்டர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். டவுன் பஸ் லேடீஸ் சீட் மாதிரி. முன்னே போனாலும் பின்னே போனாலும் தலையை லேசாகத் திருப்பினால் போதும். அமெரிக்காவில் நின்றுகொண்டே ஓட்டுகிற ரகம்தான் அதிகம். அங்கே கம்பம் நகராது. அதன் முன்னால் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் கை மட்டும் நீளும். 1950-களில் இந்தக் குறுகிய சந்து ரீச் டிரக்கை வளர்த்துவிட்டதில் நியூயார்க் மாநிலத்தின் ரேமண்ட் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு.

பலவீனம்: சின்னச் சக்கரம். மழையில் நனைந்த யார்டில் இறக்கினால் அழுதுவிடுவார். வழவழப்பான உள் தரைதான் லாயக்கு.

3. இடுப்பை வளைப்பவர்

ஆர்ட்டிகுலேட்டட் ஃபோர்க்லிஃப்ட். இங்கிலாந்தின் 'பென்டி', 'ஃப்ளெக்ஸி', அயர்லாந்தின் 'ஐல்மாஸ்டர்' எல்லாம் இந்த ஜாதி. முன் சக்கரமும் கம்பமும் ஒரு துண்டு, பின்பகுதி ஒரு துண்டு. நடுவே மூட்டு. உடம்பு சந்தில் நேராக நிற்க, முன்பகுதி மட்டும் பரதநாட்டியம் மாதிரி பக்கவாட்டில் வளைந்து ரேக்குக்குள் போகும். 6 அடிக்குச் சற்று முன்னே பின்னே இருந்தால் போதும். அதைவிட விசேஷம், இவரே வெளியே போய் லாரியிலிருந்தும் இறக்குவார். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை! எந்த மேனேஜருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஓட்டிப் பழக நாள் பிடிக்கும். இடுப்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது ஆபரேட்டரின் ரத்தத்தில் ஊற வேண்டும்.

4. கழுத்தை மட்டும் திருப்புபவர்

என் மூன்றாவது கொட்டேஷன் இவருடையது. டரட் டிரக். குடோன்காரர்கள் சுருக்கமாக வி.என்.ஏ. என்பார்கள். மிகக் குறுகிய சந்து என்று அர்த்தம். இவர் சந்தில் திரும்பவே மாட்டார். ரயில் மாதிரி நேராகப் போவார், நேராக வருவார். தந்தங்கள் பொருத்திய தலைப்பகுதி மட்டும் இடமும் வலமும் சுழலும். ஐந்தரை, ஆறு அடிச் சந்தில் வேலை நடக்கும். 14 மீட்டரைத் தாண்டித் தூக்குபவர்களும் இருக்கிறார்கள். அது நாலு மாடி உயரம்!

ஒரு மாடலில் ஆபரேட்டர் கீழேயே உட்கார்ந்திருப்பார். இன்னொன்றில் சரக்கோடு அவரும் மேலே போவார். போனவர் நடுவானத்தில் மாட்டிக்கொண்டால்? அதற்குத்தான் கேபினில் பெல்ட்டும், கயிறு பிடித்து இறங்கும் சாதனமும் வைத்திருப்பார்கள். 'தினமும் லிஃப்டில் போகிறேன்' என்று அலுத்துக்கொள்ளும் ஆபீஸ்வாசிகள் ஒரு தடவை இதில் போய்ப் பார்க்கட்டும்.

வண்டிக்கும் ரேக்குக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு ஜாண்கூட இருக்காது. கையால் ஸ்டியரிங் பிடித்து இந்த இடைவெளியைக் காப்பாற்ற யாராலும் முடியாது. அதனால் சந்தின் இரு ஓரமும் தரையில் இரும்புத் தண்டவாளம் பதிப்பார்கள். அல்லது தரைக்குள் ஒரு கம்பியைப் புதைத்து அதில் சிக்னல் அனுப்புவார்கள். வண்டி அதை மோப்பம் பிடித்துக்கொண்டே போகும். ஒரு சந்திலிருந்து வெளியே வந்து அடுத்த சந்துக்குள் நுழைய மட்டும் கோடியில் அகலமான இடம் விட்டாக வேண்டும். லாரிப் பக்கமெல்லாம் இவர் வரமாட்டார். அதற்குத் தொப்பைக்காரர் ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

5. உறவுக்காரர்கள்

ஆர்டர் பிக்கர் என்று ஒருவர். முழு பேலட்டை எடுக்காமல், மேல் தட்டிலிருந்து நாலு பெட்டி, ஆறு பெட்டி என்று பொறுக்க ஆளையே மேலே தூக்கிக்கொண்டு போவார். குழாய், மரம், கம்பி மாதிரி நீளச் சரக்குக்கு, நண்டு போல் பக்கவாட்டில் நடக்கும் வண்டிகள் இருக்கின்றன. அயர்லாந்தில் 1998-ல் தொடங்கிய கோம்பிலிஃப்ட் கம்பெனி இந்த நாலு திசை நண்டுகளுக்குப் பேர் போனது. கடைசியாக, பின்னால் நடந்துகொண்டே ஓட்டும் ஸ்டாக்கர். சின்ன குடோன்களின் சைக்கிள் ரிக்‌ஷா. வேகம் கிடையாது. ஆனால் வேலை நடக்கும்.

தரையைப் பார்த்து மாப்பிள்ளை தேடு

இத்தனையும் பார்த்துவிட்டு, "அண்ணே, பதினாலு வரிசை வருது. வி.என்.ஏ.வே போட்டுடலாமே?" என்றேன்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து எங்கள் குடோன் தரையில் வைத்தார். அது பாட்டுக்கு உருண்டு போய் மூன்றாவது தூண் பக்கத்தில் நின்றது.

"சொல்லுங்க சார், போடலாமா?"

இதற்குப் பின்னால் ஒரு ஸ்கூல் கணக்கு இருக்கிறது. வண்டியின் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். ஒரு சக்கரம் இருக்கும் இடம் 5 மில்லிமீட்டர் தாழ்வு. ஒரு பென்சில் கனம்கூட இல்லை. ஆனால் 12 மீட்டர் உயரத்தில் உள்ள தந்தம் எவ்வளவு சாயும்? எட்டு மடங்கு. 40 மில்லிமீட்டர்! பக்கத்துக்கு ஒரு ஜாண்கூட இல்லாத இடத்தில் இது பெரிய சாய்வு. வண்டி ஓடும்போது ஏற்படும் ஆட்டம் தனி.

அதனால்தான் வி.என்.ஏ. குடோனுக்குத் தரையைக் கண்ணாடி மாதிரி போடுகிறார்கள். பிரிட்டனில் கான்கிரீட் சொசைட்டியின் 'டி.ஆர். 34', ஜெர்மனியில் 'டின் 15185' என்று இதற்கென்றே விதிமுறைகள் இருக்கின்றன. கட்டும்போதே யோசித்திருந்தால் உண்டு. கட்டி முடித்த சாதாரணத் தரையை அப்புறம் இழைப்பது செலவு பிடித்த காரியம். கொட்டேஷனில் வராத செலவு.

கொட்டேஷனில் பெரிய எழுத்தில் வராத இன்னொரு விஷயம், உயரம் ஏற ஏறக் குறையும் பலம். 'இரண்டு டன் வண்டி' என்றால் எல்லா உயரத்திலும் இரண்டு டன் என்று அர்த்தமில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதற்கும், கையை உயர்த்தி உச்சியில் பிடித்துக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். எந்த உயரத்தில் எவ்வளவு என்று வண்டியிலேயே ஒரு தகடு அடித்திருப்பார்கள். வாங்குவதற்கு முன்னால் நாம் படிக்க வேண்டியது அந்தத் தகட்டை. ப்ரோஷர் அட்டைப்படத்தை இல்லை.

சீஸ் மலைக்கு அடியில்

குறுகிய சந்தில் தப்பு நடந்தால் என்ன ஆகும்?

2016 மே மாதம். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஹின்ஸ்டாக் என்ற ஊர். ஒரு கிடங்கில் சீஸ் அடுக்கிய ரேக்குகள் சரிந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் அந்தச் சீஸ் மலைக்கு அடியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தார். மீட்புக்காரர்கள் மோப்ப நாய்களோடு தேடி, அவரை உயிரோடு வெளியே எடுத்தார்கள். சீஸ் என்றதும் சிரிப்பு வரலாம். உள்ளே கிடந்தவருக்கு வந்திருக்காது.

ரேக் என்பது சீட்டுக் கட்டு வீடு மாதிரி. ஒரு தூணின் காலில் பலமாக இடித்தால் பக்கத்துத் தூண் பாரம் சுமக்க வேண்டும். அதுவும் மடங்கினால் வரிசையே போகும். அதனால் சின்ன அடி பட்டாலும் உடனே சொல்ல வேண்டும், அந்த இடத்துச் சரக்கை இறக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் என்ன நடக்கிறது? இடித்த பையன் அட்டைப்பெட்டியை வைத்து மறைத்துவிட்டு நழுவுகிறான். ஏன்? சம்பளத்தில் பிடிப்பார்களே!

அண்ணனின் குடோனில் வேறு சட்டம். "இடிச்சவன் வந்து சொன்னா டீ வாங்கித் தருவேன். சொல்லாம இருந்து நான் கண்டுபிடிச்சேன்னா, அன்னிக்கே வண்டிச் சாவியை வாங்கிடுவேன்." இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ராத்திரி ஷிஃப்டில், கீழே விழுந்த ஒரு ஸ்டிக்கரை எடுக்கச் சந்துக்குள் போன லோடுமேன் பையன், பின்னால் வந்த வண்டியின் வாலில் மாட்டிக்கொண்டான். இருபத்திரண்டு வயசு. "பொழைச்சுக்கிட்டான் சார். ஆனா இடது காலு போச்சு. ஊர்ல பெட்டிக்கடை வெச்சிருக்கான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

வண்டி ஓடுகிற சந்தில் ஆள் நடக்கக் கூடாது. எல்லாக் குடோனுக்கும் முதல் சட்டம் இதுவாக இருக்க வேண்டும். 12 அடிச் சந்தில் தவறிப் போய் மாட்டிக்கொண்டாலும் ஒதுங்க இடம் உண்டு. 6 அடிச் சந்தில் ஒதுங்குவது எங்கே? ஜெர்மனியில், வண்டிக்கு இரு பக்கமும் 50 சென்டிமீட்டர் இடைவெளி இல்லாத சந்து என்றால், ஆள் இருப்பதைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். சந்தைக் குறுக்கி மிச்சம் பிடித்த வாடகையில் ஒரு பங்கு இதற்குப் போகத்தான் வேண்டும். போகாவிட்டால் அந்த மிச்சம் யாரோ ஒரு பையனின் காலிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

கிளாஸ் அண்ணாச்சியின் முதல் நாள்

ஜெர்மன்காரர்களுக்கு நகைச்சுவை வராது என்பார்கள். அவர்கள் 2000-ல் ஒரு குறும்படம் எடுத்தார்கள். கிளாஸ் என்று ஒருவன். ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் வாங்கி அன்றுதான் முதல் நாள் டியூட்டி. அரசாங்கப் பாதுகாப்புப் படம் மாதிரியே பவ்யமான குரலில் வர்ணனை. வேலை முடிவதற்குள் கிளாஸ் செய்யும் வதம் இருக்கிறதே... நம் மசாலாப் பட க்ளைமாக்ஸ் தோற்றுப் போகும்! சுமார் பத்து நிமிஷம்தான். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.

சிரிப்பை விடுங்கள். யானை நல்லதா கெட்டதா என்பது பாகனைப் பொறுத்தது. அமெரிக்காவில் தொழிற்சாலை, குடோன்களில் 18 வயது ஆகாதவரை ஃபோர்க்லிஃப்ட்டில் ஏற்றவே கூடாது. எந்த ரக வண்டியோ அந்த ரகத்திலேயே பயிற்சி தர வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். தொப்பைக்காரரை ஓட்டியவன் வி.என்.ஏ.வில் ஏறினால் அவனும் புதுசுதான். ஸ்கூட்டர் ஓட்டியவனுக்கு பஸ் சாவி கொடுப்போமா?

பயிற்சியில் முதலில் சொல்லித் தரும் விஷயங்களில் ஒன்று நம் இயல்புக்கு நேர் எதிரானது. உட்கார்ந்து ஓட்டும் கவுன்ட்டர்பேலன்ஸ் கவிழ ஆரம்பித்தால் குதிக்காதே! பெல்ட்டோடு சீட்டிலேயே இரு, ஸ்டியரிங்கை இறுகப் பிடி, விழுகிற பக்கத்துக்கு எதிரே சாய். குதிப்பவன் மேல்தான் வண்டியின் கூரை வந்து விழுகிறது. நின்று ஓட்டும் ரகத்தில் சட்டமே வேறு. பின்பக்கம் இறங்கி விலக வேண்டும். அதனால்தான் ரகத்துக்கு ரகம் பயிற்சி.

'எல்லாம் ரோபோ வந்துவிடுமே, அப்புறம் எதற்குப் பயிற்சி?' என்று ஒரு நண்பன் கேட்டான். அமேசான் 2012-ல் கீவா என்ற ரோபோ கம்பெனியை 775 மில்லியன் டாலருக்கு வாங்கியது உண்மைதான். ரேக்கே ஆளைத் தேடி நகர்ந்து வரும் ஏற்பாடு அது. ஆனால் கிராமத்து ரோட்டிலிருந்து கயிறு அவிழ்ந்து, சாய்ந்து வரும் லோடைப் பார்த்து, "இதை இந்தப் பக்கம் எடுத்தா சரியும், அந்தப் பக்கம் எடு" என்று சொல்ல இன்றைக்கும் அண்ணன்தான் வேண்டியிருக்கிறது.

நோட் போட்டாச்சு!

கடைசியில் நான் எழுதிய நோட் இதுதான். நம் தரை சாதாரணத் தரை, அதனால் வி.என்.ஏ. வேண்டாம். கூரை நல்ல உயரம், அதனால் தொப்பைக்காரரை மட்டும் வைத்து ஓட்டுவது வீண். 9 அடிச் சந்து, பதினோரு வரிசை. உள்ளே ரீச் டிரக், லாரிப் பக்கம் ஒரே ஒரு கவுன்ட்டர்பேலன்ஸ். தூண்களின் காலுக்கு இரும்புக் கவசம், நடப்பவர்களுக்குத் தடுப்பு போட்ட தனிப் பாதை, ஆபரேட்டர் பயிற்சி. இந்த மூன்றும் வண்டி விலையோடு சேர்ந்த செலவு. பிரித்து வெட்டக் கூடாது.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "கவசம், தடுப்பு, பயிற்சி... இதெல்லாம் அடுத்த வருஷ பட்ஜெட்ல வெச்சுக்கலாமே?" என்றார்.

"வெச்சுக்கலாம் சார். அதுவரைக்கும் நடுச் சந்துல நின்னு ஸ்டாக் எண்ற வேலையை மட்டும் நீங்க பார்த்துக்கிட்டீங்கன்னா..." என்று இழுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தார். பேனாவைத் திறந்தார். மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்!